காசியில் விட்ட காபி

இரண்டு வருடங்களுக்கு முன் தை மாதத்தில், காசியில், கங்கையின் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் காபியை விட்டேன். பக்தியில் விட்டேன் என்று சொன்னால் அது பொய். கோபத்தில்தான் விட்டேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்காரி. பக்கத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. என் கணவர் பொதுப்பணித் துறையில், பாசனப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருடம் பொங்கல் விடுமுறையோடு சில நாள் லீவு சேர்த்துக்கொண்டு, அவர், நான், என் நாத்தனார் மூன்று பேரும் காசிக்குப் போனோம். காசிக்குப் போனால் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று எதையாவது விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். விட்டதை ஆயுளுக்கும் தொடக்கூடாது. பிடித்ததை விடவேண்டும் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் போகிறவர்கள் எதை விட்டால் நஷ்டமில்லை என்று யோசித்துக்கொண்டேதான் ரயில் ஏறுவார்கள்.

என் கணவர் கோவைக்காயை விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இலையில் நான் கோவைக்காயைப் பார்த்ததில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"நல்லா விட்டீங்க போங்க! அது என்னைக்குங்க உங்ககிட்ட இருந்துச்சு, இன்னைக்கு விடறதுக்கு?" என்றேன்.

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டாள். தங்கை சிரித்ததும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பெரிசா பேசுறியே டீச்சர், பிடிச்சதைத்தான் விடணும்னா நீ காபியை விடேன், பாப்போம்!" என்றார்.

"விட்டேன்" என்றேன்.

கையில் கங்கை நீர் இருந்தது. எங்களுக்குச் சடங்கு செய்துவைத்த புரோகிதர் தமிழ் தெரிந்தவர். "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி மந்திரத்தையும் முடித்துவிட்டார். கரையேறிப் புடவை மாற்றும்போதுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது எனக்கு உறைத்தது.

காபி என்றால் எனக்கு என்ன என்று தெரிந்தால்தான் இது புரியும். கும்பகோணத்தில் வறுத்து அரைத்த பொடி, சிக்கரி கலக்காதது. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் டிகாக்ஷன், தண்ணீர் கலக்காத பால், டபராவில் ஆற்றி நுரை அடங்குவதற்குள் முதல் வாய். என் நாள் அந்த டம்ளரோடுதான் தொடங்கும். பேப்பர், ரேடியோ செய்தி, மாத்திரை, அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் எல்லாம் அதன் துணையோடுதான் நடக்கும். என் கணவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தைப் பார்த்துக் குத்தினார்.

மாத்திரை என்றேன் அல்லவா, அந்தக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். காசிக்குப் போவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே எனக்கு ஓர் அசதி வந்திருந்தது. சாதாரண அசதி இல்லை. இரண்டாவது பீரியடிலேயே நாற்காலியைத் தேடுவேன். உடம்பு கனத்தது. முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. சித்திரை மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டேன். பாதம் எப்போதும் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போலிருந்தது. எல்லாவற்றையும்விட, பல வருடமாக நடத்திய செய்யுள் நடு வகுப்பில் மறந்துபோனது. அன்றைக்குத்தான் பயந்து, தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

ரிப்போர்ட்டை முதலில் படித்தவர் என் கணவர். நான் பரீட்சைத் தாள் திருத்துகிறவள். எனக்கு அது மார்க் பட்டியல் மாதிரி இருந்தது. டி.எஸ்.ஹெச். என்ற இடத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஹெச்' என்று தடித்த எழுத்து. பி12, வைட்டமின் டி, உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், இந்த மூன்றுக்கும் பக்கத்தில் 'எல்'. 'ஹெச்' என்றால் அதிகம், 'எல்' என்றால் குறைவு என்பது வரை எங்களுக்கே புரிந்தது.

"தைராய்டு அதிகமாச் சுரக்குது உனக்கு. அதான் இந்தப் பேச்சுப் பேசுற" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

டாக்டரம்மா சிரித்தார். என் கணவர் பார்த்த வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சார், வாய்க்கால் முடியற கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரலேன்னா அங்க இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"சத்தம் போடுவாங்க. பஸ்ஸை மறிப்பாங்க."

"அதேதான். டி.எஸ்.ஹெச். தைராய்டுல சுரக்கறது இல்ல. மூளைக்கு அடியில இருக்கற ஒரு சின்னச் சுரப்பி, தைராய்டைப் பாத்துப் போடற சத்தம். 'சுரப்பு வரல, வரல'ன்னு கத்துது. சத்தம் அதிகம்னா தண்ணி கம்மின்னு அர்த்தம். தண்ணி போய்ச் சேந்துட்டா சத்தம் தானா அடங்கிடும்."

பாசனப் பிரிவுக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் இன்னொரு சந்தேகம் இருந்தது. தஞ்சாவூர் வெயிலில் வெந்துகொண்டிருப்பவளுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும்?

"வெயில் ஊர்ல இருக்கு டீச்சர். உங்க மேல பட்டுச்சா? குடை, முழங்கை வரைக்கும் ரவிக்கை, நாள் பூரா வகுப்பறை. அப்புறம் எங்கேர்ந்து வரும்?" என்றார். நாங்கள் சைவம். பி12 குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். பாதத்தில் எறும்பு ஊர்வது அதனால்தான். தைராய்டு மந்தமாக இருப்பவர்களுக்கு இந்தச் சத்துகளும் கூடவே குறைந்திருப்பது அடிக்கடி பார்ப்பதுதானாம். "அசதி ஒண்ணுதான். காரணம் நாலு இருக்கு. நாலையும் சரி பண்ணுவோம்" என்றார்.

அதற்கு மருந்தும் நாலு வழியில் வந்தது. பி12-க்கு ஊசி. வைட்டமின் டி-க்கு வாரத்துக்கு ஒரு பொடி, ராத்திரி பாலில் கலந்து குடிக்க. தைராய்டு மாத்திரை தினமும் காலையில், வெறும் வயிற்றில். இரும்புச் சத்து மாத்திரையை மதியம் போடச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எனக்கு மதியம் என்பது எப்போது வந்து எப்போது போகிறது என்றே தெரியாது, மறந்துவிடுவேன். அதனால் நானே அதையும் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக்கொண்டேன்.

சில மாதத்தில் பி12 ஏறியது, டி ஏறியது. பாதத்தில் எறும்பு போய்விட்டது. டி.எஸ்.ஹெச். மட்டும் அடங்க மாட்டேன் என்றது. இரும்பும் ஏறவில்லை. டாக்டரம்மா தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது. மறுபடி கூட்டினார். ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்த மாத்திரை நூற்றைம்பதில் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"மாத்திரையை வெறும் வயித்துலதானே போடறீங்க?"

"ஆமாம் டாக்டர். பச்சத் தண்ணி பல்லுல படறதுக்கு முன்னாடி."

சத்தியமாக, பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

இந்த நிலையில்தான் காசிக்குப் போனது, கோபத்தில் காபியை விட்டது எல்லாம்.

திரும்பி வந்த முதல் வாரம் தலை வலித்த வலியைச் சொல்லி மாளாது. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். காலையில் காபி இல்லை என்றதும் அந்த இரும்பு மாத்திரை வெறும் தண்ணீரோடு இறங்க மறுத்துக் குமட்டியது. ஆகவே டாக்டரம்மா முதலில் சொன்னபடியே மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். மறக்காமல் இருக்க சாப்பாட்டு டப்பா மூடியிலேயே மாத்திரை அட்டையை ரப்பர் போட்டுக் கட்டினேன். காலையில் தைராய்டு மாத்திரை மட்டும், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அப்புறம் எட்டு மணிக்கு இட்லியோ தோசையோ சாப்பிடும் வரை வாயில் ஒன்றும் போடுவதில்லை. காபி இல்லாத இடத்தில் வேறு எதைக் குடிக்கப் பிடிக்கும்?

தலைவலி போனதும் ஓர் அதிசயம் நடந்தது. மாசி மாதம் முழுக்க நான் புது மனுஷி ஆனேன். நாற்காலியைத் தேடவில்லை. செய்யுள் மறக்கவில்லை. மாடிப் படியில் மாணவிகளோடு சேர்ந்து ஏறினேன். நாத்தனார், "பாத்தீங்களா அண்ணி, காசிக்குப் போயிட்டு வந்தது வீண் போகல" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். உடம்பு சரியாகிவிட்டதே என்று, மாசியில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையைப் பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

பங்குனியில் அந்த நன்மை எல்லை தாண்டியது. படுத்தால் தூக்கம் வராது. காதுக்குள் நெஞ்சு அடிக்கும். உடம்பு இளைத்தது. "என்ன டீச்சர், பாதியாயிட்டீங்க, அழகா இருக்கீங்க" என்று ஆசிரியைகள் அறையில் சொன்னார்கள், நானும் பல்லை இளித்துக்கொண்டேன். வியர்த்துக் கொட்டியது. பங்குனி வெயில் என்று நினைத்தேன். என் கோபம் ஊரறிந்த விஷயம் என்பதால் அது இரண்டு மடங்கானது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கரும்பலகையில் எழுதும்போதுதான் மாட்டிக்கொண்டேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒருநாள் முன் வரிசையில் ஒரு பெண், "டீச்சர், ழகரம் நடுங்குது டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். நான் எழுதிய மாதிரியே இல்லை.

வீட்டில் எல்லாருக்கும் காரணம் ஒன்றுதான் தோன்றியது: காபியை விட்ட கோளாறு. என் கணவருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தான் சொன்ன ஒரு சொல்லால்தான் இப்படி ஆகிறது என்று அவர் முடிவே செய்துவிட்டார். எனக்குத் தெரியாமல் காசிப் புரோகிதருக்குப் போன் போட்டு, விட்டதை மறுபடி எடுத்துக்கொள்ளப் பரிகாரம் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டாம். ஒருநாள் காலையில் ஒரு டம்ளர் காபியை என் முன்னால் வைத்து, "பரிகாரத்தை நான் பண்ணிக்கறேன். நீ குடி" என்றார்.

"விட்டது விட்டதுதாங்க. நான் கோவைக்காய் ஆளு இல்ல" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் கொட்டினார். அந்தப் பேச்சை நான் பேசியிருக்க வேண்டாம்.

பங்குனிக் கடைசியில், என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியைக்குத் தாராசுரத்தில் கிரகப்பிரவேசம். போயிருந்தோம். மாடியைச் சுற்றிப் பார்க்கலாம் என்று படியேறினேன். பாதிப் படியில் நெஞ்சு திடுதிடுவென்று ஓட ஆரம்பித்தது. ஓடினால்கூடப் பரவாயில்லை. ஓடி, நின்று, இரண்டு அடி சேர்த்து அடித்து, மறுபடி ஓடியது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் சேர்ந்தது. விசிறினார்கள், சோடா என்றார்கள். யாரோ, "டீச்சர் காபியை விட்டுட்டாங்க, அதான். ஒரு வாய் குடுங்க, சரியாயிடும்" என்றார்கள். விசேஷ வீட்டில் காபிக்கா பஞ்சம்? அடுத்த நொடி ஒரு டம்ளர் வந்தது. என் கணவர் அதை வாங்கி என் உதட்டருகே கொண்டுவந்தார்.

"பாவம் எதுவா இருந்தாலும் என் தலையில வரட்டும். தயவு செஞ்சு குடிம்மா" என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் தயவு செய்து என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வாசனை என் மூக்கில் ஏறியது. ஆசை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. "காபி வேணாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் காரைப் பிடித்தார். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். நாடி பார்க்கத் தெரியாத மனுஷர், பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நான் செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை நினைத்தேன். கடைசியாக இவரிடம் பேசிய நல்ல வார்த்தை எது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

டாக்டரம்மா வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இதயம் தாளம் தப்பி அடிக்குது. இப்படியே விட்டா உள்ளேயே ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். இன்னைக்கு வந்தீங்களே, அதுவரைக்கும் நல்லது" என்றார். படுக்கையில் போட்டு, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, வேகத்தைக் குறைக்க மருந்து, ரத்தம் கட்டாமல் இருக்க மருந்து எல்லாம் கொடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள்.

மறுநாள் ரிப்போர்ட்டோடு வந்தார். இத்தனை வருடம் 'ஹெச்' வாங்கிக்கொண்டிருந்த டி.எஸ்.ஹெச்.சுக்குப் பக்கத்தில் 'எல்' இருந்தது. எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. தைராய்டு சுரப்பைக் காட்டும் எண்களுக்குப் பக்கத்தில் 'ஹெச்'.

"கடைமடையில சத்தமே இல்ல சார்" என்றார் என் கணவரைப் பார்த்து. "சத்தம் அடங்கிச்சேன்னு சந்தோஷப்பட முடியாது. வயலே முழுகிக் கிடக்கு." என் பக்கம் திரும்பி, "டீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. மாத்திரையை ரெண்டு ரெண்டாப் போட்டீங்களா?" என்றார்.

ஒயர்களோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "ஒண்ணுக்கு மேல போட்டிருந்தா என் நாக்குல புழு வைக்கட்டும்! அதே மாத்திரை, அதே அளவு. பச்சத் தண்ணி பல்லுல படறதுக்கு முன்னாடி, வெறும் வயித்துல. ஒருநாள் தவறினது இல்ல."

"இளைக்கணும்னு கூடப் போட்டிருப்பியோ?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார். அந்த மனுஷரை அப்போது நான் பார்த்த பார்வை, இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரில் எண்ணாக ஏறியது. நர்ஸ் ஓடி வந்தார்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, கோவப்படாதீங்க. எதுவோ மாறியிருக்கு. என்னன்னு தெரியாம நான் மருந்தைத் தொட முடியாது. அளவைக் குறைச்சா டி.எஸ்.ஹெச். மறுபடி பழையபடி ஏறுமா, நிக்குமா? எனக்குத் தெரியல. காலையில எழுந்ததுலேர்ந்து ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

சொன்னேன். ஐந்து மணிக்கு எழுவேன், பல் துலக்குவேன், மாத்திரை போட்டுத் தண்ணீர் குடிப்பேன், எட்டு மணிக்கு டிபன்.

"காசிக்குப் போறதுக்கு முன்னாடியும் இதேதானா?"

"இதேதான் டாக்டர். வெறும் வயித்துலதான்."

"இல்லியே" என்றார் என் கணவர். "இப்பத்தான் தண்ணியோட போடறா. முன்னாடி காபியோட போடுவா. இரும்பு மாத்திரையும் அதே காபியிலதான். முதல் வாய் காபி, ரெண்டு மாத்திரை, அப்புறம் மிச்சக் காபி."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "காபியோடயா?"

"ஆமாம், காபியோடதான்" என்றேன். எனக்கு இன்னும் புரியவில்லை. "ஆனா வெறும் வயித்துலதானே? காபிதானே குடிச்சேன். ஒண்ணும் சாப்பிடலியே?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் காபி கணக்கில் வராது. இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு, "காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்று ஒருவர் சொன்னால், அடப்பாவமே என்றுதான் நாங்கள் பரிதாபப்படுவோம். கோயிலுக்கு விரதம் இருக்கிறவர்கள்கூட காபி குடித்துவிட்டுத்தான் பட்டினி கிடப்பார்கள். 'வெறும்' என்றால் வேறொன்றும் இல்லாதது என்று எத்தனை வருடம் பலகையில் எழுதிப் பொருள் சொல்லியிருப்பேன்! என் வயிற்றுக்கு மட்டும் அந்தப் பொருள் செல்லவில்லை.

டாக்டரம்மா முதலில் சிரித்தார். அப்புறம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நான் கும்பகோணத்துல பொறந்தவ டீச்சர். எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க. வெறும் வயிறான்னு கேட்டேனே தவிர, காபின்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல எனக்கு" என்றார்.

பிறகு விளக்கினார். பால் விட்ட காபியோடு போனால் தைராய்டு மாத்திரையில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். இரும்பு மாத்திரையும் சேர்ந்து போனால் அது தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டுவிடும். அந்த இரும்பும் காபியால் சரியாகச் சேராது. ஊசியில் போன பி12 ஏறியது. ராத்திரி பாலோடு போன டி ஏறியது. விடிகாலைக் காபியோடு போன இரண்டும்தான் ஏறவில்லை. அது தெரியாமல் மாத்திரையின் அளவுதான் ஏறிக்கொண்டே போயிற்று. காசியில் நான் காபியை விட்ட அன்றையிலிருந்து, பெரிய அளவு மாத்திரை முழுசாக உடம்பில் சேர ஆரம்பித்துவிட்டது. மெதுவாகச் சேருகிற மருந்து என்பதால் மாசியில் அளவோடு நின்று சுகம் காட்டியது. பங்குனியில் கரையை உடைத்தது. ரிப்போர்ட்டைப் புரட்டி, "பாருங்க, இரும்பு கூட இப்பத்தான் ஏறியிருக்கு" என்று காட்டினார். உண்மைதான், ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் 'எல்' இல்லை.

"அப்ப நான் காபியை விடச் சொன்னதாலதான் இவளுக்கு..." என்று ஆரம்பித்த என் கணவர் பாதியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நீங்க விடச் சொன்னது தப்பு இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "விட்டதை எங்கிட்டச் சொல்லாததுதான் தப்பு. தாராசுரத்துல அந்தக் காபியைக் குடிக்காம வந்தது நல்லதாப் போச்சு. ஓடற குதிரையைச் சாட்டையால அடிச்ச கதையா ஆயிருக்கும்."

டாக்டரம்மா போன பிறகு நான் என் கணவரைக் கூப்பிட்டேன். "இங்க பாருங்க. நீங்க அன்னைக்குச் சீண்டலேன்னா இந்தக் குளறுபடி தெரிஞ்சே இருக்காது. இன்னும் ரெண்டு மடங்கு மாத்திரை போட்டிருப்பேன்" என்றேன். காரில் வரும்போது தேடிக் கிடைக்காமல் போன நல்ல வார்த்தை அதுதான். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோவைக்காயும் சேத்துத்தான் விட்டேன். அதையும் சொல்லு" என்றார். சிரித்ததில் மானிட்டர் மறுபடி கத்தியது.

சில நாள் மாத்திரையை நிறுத்தினார்கள். தாளம் மெல்லச் சரியானது. அப்புறம் பழைய அளவில் பாதி மாத்திரை. இப்போது டி.எஸ்.ஹெச். பக்கத்தில் 'ஹெச்'சும் இல்லை, 'எல்'லும் இல்லை. அந்த வெற்று இடத்தைப் போல அழகான மார்க்கை நான் யாருக்கும் போட்டதில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஆசிரியைகள் அறையில் கேட்டுப் பார்த்தேன். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் என்னைத் தவிர நாலு பேர். "எப்படிப் போடறீங்க?" என்றேன். "வெறும் வயித்துலதான் டீச்சர்" என்றார்கள். "காபி?" என்றேன். மூன்று பேர், "காபி குடிச்சிட்டுத்தான். அது இல்லாம எப்படி?" என்றார்கள். நானாக எதையும் மாற்றச் சொல்லவில்லை. டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், காபியைத் தள்ளிக் குடிக்க ஆரம்பித்தால் அதையும் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை அவர்கள் பார்க்கட்டும் என்றேன். எனக்கு நடந்ததைச் சொன்னதும் சிரித்தார்கள். ஆனால் அந்த வாரமே மூன்று பேரும் டாக்டரிடம் போனார்கள்.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தாராளமாகக் காபி குடிக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. பரிகாரமும் தயாராக இருக்கிறது. நான் குடிக்கவில்லை. கோபத்தில் விட்டதாக இருந்தாலும் விட்டது விட்டதுதான். ஆனால் என் கணவர் விடியற்காலையில் தன் டம்ளரோடு என் எதிரே வந்து உட்காருகிறார். நான் மாத்திரையைப் போடுகிறேன். அவர் டம்ளரை மூடி வைத்துவிட்டு அந்த ஒரு மணி நேரமும் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். "எதுக்குங்க இது? நீங்க குடிங்க, ஆறிடும்" என்றால், "ஆறட்டும்" என்கிறார்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நாத்தனார் போன் செய்தாள். "என்னண்ணா, காபியெல்லாம் ஆச்சா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அவர் மூடி வைத்த டம்ளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லம்மா, இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார். எத்தனையோ வருடமாக எங்கள் வீட்டில் புழங்கிய அந்த வாக்கியத்தை, சொல்லுக்குச் சொல் உண்மையாக நான் கேட்டது அன்றைக்குத்தான்; அதை எனக்காக ஒருவர் உண்மையாக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு ஓர் அடி கூடத்தான் அடிக்கிறது, ஆனால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய அடி இல்லை.